கூரையில் சித்தி கண்ட வெளிச்சம்

சித்தியின் டோர்ச்சுக்குப் பின்மூடி கிடையாது. பற்றரி விழாமலிருக்கத் துணியை மடித்துத் திணித்து, மேலே ஒரு ரப்பர் வளையம் போட்டிருப்பார். விடியுமுன் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக் களத்துக்குப் போகும் பாதையில் அவருக்கு அதுதான் துணை. அந்த டோர்ச்சை அவர் என் முகத்துக்கு நேரே அடித்த நாளை நினைத்தால் இன்றும் எனக்குக் காது சுடுகிறது.

மஸ்கெலியாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, தொழிலாளர் குடியிருக்கும் லயம் எரிந்தது. ஒரே கூரையின்கீழ் வரிசையாகப் பன்னிரண்டு காம்பிராக்கள், குடும்பத்துக்கு ஓர் அறை. எல்லோரும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்ததால் உயிர்கள் தப்பின. கொழுந்து நிறுக்க முதலில் இறங்கி வந்த சித்தி மட்டும்தான் தீயின் தொடக்கத்தைக் கண்டவர். அது தொடங்கியதும் அவருடைய காம்பிராவில்தான். வெள்ளிக்கிழமை என்றால் சாமி விளக்கை ஏற்றிவைத்துவிட்டு வேலைக்குப் போவது எங்கள் லயத்துப் பெண்களின் வழக்கம். பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் விரித்துக் கிடந்த மற்றக் குடும்பங்கள், "அந்த வெளக்காலதான்" என்று முணுமுணுக்கத் தொடங்கியிருந்தன. விளக்கு என்று முடிவானால் காப்புறுதிப் பணம் கிடையாது, புது வீடும் கிடையாது. சித்தி அந்தத் தோட்டத்தில் தலைநிமிர்ந்து நடக்கவும் முடியாது.

விசாரிக்க வந்த கொழும்பு அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. சித்தி சொல்வதை ஆங்கிலத்தில் எழுதித் தர, தோட்டப் பள்ளியில் ஆங்கிலம் படிப்பிக்கும் என்னை ஆபீசில் உட்கார வைத்தார்கள். "கூரையில வெளிச்சம் தெரிஞ்சிச்சுங்க" என்றார் சித்தி. நான் 'க்ளோ' என்று எழுதினேன். எனக்குப் பிடித்த சொல் அது. வேறு காரணமே இல்லை, வெட்கக்கேடு. அதிகாரி வாசித்துவிட்டு, அப்படியானால் விளக்குத்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னபோதுதான் என் தப்பு எனக்கு உறைத்தது. க்ளோ என்றால் அடுப்புத் தணல்போல நின்று கனிகிற வெளிச்சம். ஃப்ளிக்கர் என்றால் காற்றில் சுடர் நடுங்குவது. ஃப்ளாஷ் என்றால் பளிச்சென்று அடித்து மறைவது. சித்தி எதைக் கண்டார் என்று நான் கேட்கவே இல்லை.

இனிக் கேட்டால் என் தப்பு வெளியே வரும். தோட்டத்துத் துரையும் பெரிய கிளாக்கரும் பக்கத்திலேயே நின்றார்கள். சித்தி பேனாவை வாங்கிக்கொண்டு, "நான் சொன்னதத்தானே எழுதியிருக்க?" என்று கேட்டார்.

"ஆமா சித்தி, சரியாத்தான் எழுதியிருக்கேன்" என்றேன்.

அவர் கையெழுத்துப் போடவில்லை. நான் முகம் கொடுக்காமல் சொன்னதைக் கவனித்திருக்கவேண்டும், என்னையே பார்த்தார். பிறகு பேனாவை வைத்துவிட்டு, பையிலிருந்த டோர்ச்சை எடுத்து, என் கண்ணுக்கு நேரே ஒரே ஒரு தரம் அடித்து அணைத்தார். "இப்பிடி. கரண்ட் வயர் கூரைக்குள்ள போற எடத்துல. கண்ணு கூசிருச்சு. பெறகுதான் பொகை வந்திச்சு. இதத்தான் எழுதியிருக்கியா?"

விளக்கு ஏற்றினாரா என்று அதிகாரி கேட்டதை நான் தமிழில் சொன்னேன்.

"ஏத்துனேன். அத ஏன் மறைக்கணும்? அது கீழ சாமி மாடத்துல எரிஞ்சிச்சு. வெளக்கு வெளிச்சம் எனக்குத் தெரியாதா?"

அவர் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லி, நான்தான் தப்பாக எழுதிவிட்டேன் என்று அதிகாரியிடம் ஒப்புக்கொண்டேன். அவர் தாளை என் பக்கம் தள்ளினார். க்ளோவை வெட்டி, மேலே ஃப்ளாஷ் என்று எழுதி, ஓரத்தில் கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகே சித்தி கையெழுத்துப் போட்டார். மறுநாள் கூரையோரத்தில் தேடியபோது கருகிய வயர் முனை அகப்பட்டது. வீடுகளும் ஒருவழியாக வந்தன.

அதற்குப் பிறகு சித்தி எந்தக் கடிதத்தையும் என்னிடம் கொண்டுவரவில்லை. பஸ் ஏறி மஸ்கெலியா பஜாருக்குப் போய், பலசரக்குக் கடை முதலாளியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுவார். திருவிழாவுக்கு அவர் வீட்டுக்குப் போனால் எனக்கு வயிறு நிறையச் சோறு போடுவார், ஒரு குறையும் வைக்கமாட்டார். கடிதம் மட்டும் கிடையாது. திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

போன மாதம், மழையில் கரண்ட் நின்றுபோன ஒரு பின்னேரம், சித்தி என் வாசலில் வந்து நின்றார். கண் ஆஸ்பத்திரிக் கடிதம், ஆங்கிலத்தில். கடை முதலாளி ஊரில் இல்லையாம். அதே டோர்ச், அதே துணி. தாள்மேல் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, "வாசி" என்றார். வரிவரியாக வாசித்துத் தமிழில் சொன்னேன். மூன்றாவது வரியில் ஒரு நீளமான வைத்தியச் சொல். ஊகித்துச் சொல்லியிருக்கலாம்.

"இந்தச் சொல்லு எனக்குத் தெரியல சித்தி. டாக்டர்கிட்ட கேட்டுத்தான் சொல்லணும்."

டோர்ச் வெளிச்சம் தாளைவிட்டு அசையவில்லை.

"சரி, அடுத்த வரிய வாசி" என்றார்.