சீதன வீட்டில் கலங்கல் தண்ணீர்

ஜெர்மனிக்குப் போன புதிதில் ஒரு காலை எங்கள் குழாய் இருமியது. காற்றைத் துப்பிவிட்டு மஞ்சளாகக் கொஞ்சம் தண்ணீர் விட்டது. கட்டடத்தைப் பராமரிப்பவர் வந்து பார்த்து, "லுஃப்ட்" என்றார். லிஃப்ட் பழுது என்கிறார் என நினைத்து, "பரவாயில்லை, படியால் ஏறுவேன்" என்றேன். மனிதர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். அவர் சொன்னது காற்றை. தெருவில் குழாய் திருத்தியபோது உள்ளே புகுந்த காற்று. சற்று நேரம் திறந்துவிட்டார், தெளிந்துவிட்டது. அங்கே தண்ணீர் கலங்கினால் யார்மீதும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

சென்ற ஆவணியில் திருகோணமலைக்குப் போனேன். உட்துறைமுகத்துப் பக்கம் இருக்கும் வீடு எனக்குச் சீதனமாக வந்தது. எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஆனால் கலியாணத்தோடு நான் விமானம் ஏறிவிட, தம்பிதான் அங்கே இருந்தான். அம்மாவையும் அப்பாவையும் கடைசிவரை பார்த்தவன் அவன். அவனுடைய பிள்ளைகள் பிறந்து வளர்ந்ததும் அந்த வீட்டில்தான்.

பின்னறைக் குளியலறையில் குழாயைத் திருகினேன். டப், டப் என்று வெடித்து, தேநீர்ச் சாயம்போல் தண்ணீர் வந்தது. தலைமுடியில் மண் ஒட்டியது.

"டவுன் முழுக்க இப்பிடித்தான் மச்சாள்," என்றாள் தம்பியின் மனைவி. "வெளிநாட்டில இருந்து வந்தபடியால் உங்களுக்குப் பெரிசாத் தெரியுது."

அவள் போனதும் குசினிக்குள் போய்ப் பாத்திரம் கழுவும் குழாயைத் திறந்து பார்த்தேன். தெளிந்த தண்ணீர், ஒரே சீராக விழுந்தது. அப்படியென்றால் பழுது தெருவில் இல்லை. ஏணி வைத்து மேலே ஏறினேன். அங்கே இரண்டு தண்ணீர்த் தாங்கிகள் இருந்தன. குசினிக்குப் போகும் புதுத் தாங்கி நிரம்பி வழிந்தது. என் அறைக்குப் போகும் பழைய தாங்கியின் அடியில் சேறும், அதன்மேல் ஒரு சாண் தண்ணீரும். மட்டம் இறங்கியதால் குழாய்க்குள் காற்றும் சேறும் சேர்ந்து போயிருக்கின்றன. தண்ணீர் உள்ளே வரும் வால்வு இறுக்கி அடைத்துக் கிடந்தது. அதில் மட்டும் தூசியே இல்லை.

தம்பி வேலையால் வந்ததும் கேட்டேன். அவன் மறுக்கவில்லை.

"ஓம், நான்தான் பூட்டினனான். விக்கத்தானே வந்தனீங்கள்? இந்த ரோட்டில வெளிநாட்டு ஆக்கள் எல்லாரும் வித்துப்போட்டுத்தான் போனவை."

"அதுக்குத் தண்ணியையோ மறிக்கிறது?"

"தண்ணி ஒழுங்கா வந்தா நீங்கள் நிண்டு எல்லா அலுவலும் முடிச்சிடுவியள்."

"நான் விக்க வரேல்லை. பென்சன் எடுத்தபிறகு இஞ்ச வந்து இருக்கப்போறன்."

அவன் ஆறுதலடைவான் என்றுதான் சொன்னேன். அவன் முகம் இன்னும் கறுத்தது. வாசலில் நின்ற அவன் மனைவி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"இருக்கிறதெண்டா?" என்றான். "நாங்கள் எங்க போறது அக்கா? என்னால இனி ஒரு வீடு கட்ட ஏலாது."

எனக்குக் கோபம்தான் வந்தது. மறுநாள் நானே தாங்கிக்குள் இறங்கிச் சேற்றை வாரினேன், வால்வைத் திறந்தேன், குழாயை ஓடவிட்டேன். மாலைக்குள் தண்ணீர் தெளிந்தது. அடுத்தநாள் காலை குழாய் மறுபடி டப், டப் என்று கலங்கலைத் துப்பியது. இம்முறை நான் ஏறிப் பார்க்கவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு நிலாவெளிக் கடற்கரைக்குப் பஸ் ஏறினேன். மறிக்க ஒருவரும் வரவில்லை.

ஹோட்டலில் வரவேற்புக்கு நின்ற பையன் என் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு இரண்டு தண்ணீர்ப் போத்தல்களை நீட்டினான்.

"பைப் தண்ணி குடிக்காதேங்கோ மேடம். ஃபொரின் ஆக்களுக்கு ஒத்துவராது. நல்லாத் தமிழ் கதைக்கிறீங்கள், எந்த ஊர்?"

"திருகோணமலை."

சிரித்தான். "அது இப்ப நீங்கள் நிக்கிற இடம் மேடம். நான் கேட்டது, எங்கயிருந்து வந்தனீங்கள் எண்டு."