சைலஸ் செய்த விமான இன்ஜின்

என் தம்பி சைலஸைப் பற்றி எங்கள் கோலார் தங்கவயல் ஆண்டர்சன்பேட்டையில் யாரைக் கேட்டாலும் முதலில் சத்தத்தைத்தான் சொல்வார்கள். நான் பக்கத்து வீட்டுக்காரி, கூடப் பிறந்த அக்கா வேறு. என் இரண்டு காதும் இன்னும் வேலை செய்வது கர்த்தர் கிருபை.

நந்திதுர்க் தங்கச் சுரங்கத்துக்குக் காற்றோட்டம் தரும் ஃபேன் ஹவுசில் ஃபிட்டராகச் சேர்ந்தவன் அவன். சுரங்கம் மூடியபோது இருபத்திரண்டு வயது. அன்றிலிருந்து காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூரு போவான். யாரோ வரைந்து கொடுத்ததை லேத்தில் கடைந்து கொடுத்துவிட்டு இருட்டியபின் திரும்புவான். "நானா யோசிச்சு ஒண்ணியும் செய்யலக்கா" என்பான். நான் சோறு போடும்போதெல்லாம் இதே பாட்டு.

அப்படியிருக்கும்போதுதான் சௌந்தரராஜன் சார் வந்து சேர்ந்தார். ஓய்வு பெற்ற விமான இன்ஜினியர். கோலார் பக்கம் ஒரு ஷெட்டில் இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானத்தைத் தானே கட்டிக்கொண்டிருந்தார். பழைய ஜப்பான் கார் ஒன்றின் ரோட்டரி இன்ஜினை அதில் மாட்ட அவருக்கு ஆசை. அதில் பிஸ்டன் கிடையாது. முக்கோணமாக ரோட்டர் உள்ளே சுற்றும், அவ்வளவுதான். ஆடுகிற சாமான் குறைவு, உடைகிறதும் குறைவு என்று இருவரும் பேசிப் பேசிப் பூரித்தார்கள். ஆனால் அது சுற்றுகிற வேகத்துக்கு விமானத்தின் விசிறியை நேரே மாட்டினால் விசிறி பிய்ந்துவிடுமாம். நடுவில் வேகத்தைக் குறைக்க ஒரு கியர்பாக்ஸ் வேண்டும். அதை சைலஸ் தன் யோசனைப்படி செய்ய வேண்டும். முழு வேகத்தில் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடினால் சார் எடுத்துக்கொள்வார். இல்லாவிட்டால் வெளிநாட்டில் ஆயத்தமாக விற்கும் விமான இன்ஜினை வாங்கிவிடுவார்.

எட்டு மாதம் விடுமுறை நாளெல்லாம் அதிலேயே போனது. தம்பி மனைவி கரோலின் பாவம், வாயை மூடிக்கொண்டு இருந்தாள். நானா இருப்பேன்? தினமும் திட்டினேன்.

ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் அவன் வீட்டு முற்றத்தில் சாரின் முன்னால் சோதனை. சக்கரம் வைத்த இரும்புத் தள்ளுவண்டியில் இன்ஜின், அதன் முன்னால் விசிறி. வண்டி முன்னால் பாயாமல் பின்பக்கம் சங்கிலி போட்டிருந்தான். ஸ்டார்ட் செய்தான். ஐயோ, அந்தச் சத்தம்! வண்டி முன்னால் இழுக்கவே இல்லை. பின்னால் வந்தது. என் வேலியைச் சாய்த்து, கொடியில் காய்ந்த என் வெள்ளைப் புடவையையும் இழுத்துக்கொண்டுதான் நின்றது.

"டேய் சைலஸ், இன்னாடா இது?" என்று கத்தினேன்.

சுவிட்சை அணைத்துவிட்டு விசிறியையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தலையில் அடித்துக்கொண்டான். "ஃபேன் ஹவுஸ் புத்தி சார்! சுரங்கத்து ஃபேன் உள்ள இருக்கிற காத்த உறிஞ்சி வெளிய தள்ளும். அந்த நெனப்புலயே திசை மாத்தி சுத்த வெச்சுட்டேன். இன்ஜின் பக்கத்துக் காத்த எடுத்து முன்னாடி வீசுது."

சார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தெருவே சிரித்தது. என் தம்பி மட்டும் சிரிக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது, புடவைக்காக அல்ல.

"நடுவுல இன்னொரு கியர் போட்டா திசை மாறிடும்," என்றார் சார். "ஒரு வாரம் தரேன் சைலஸ். அதுக்கு மேல என்னால காத்திருக்க முடியாது."

வேலைக்கு லீவு போட்டான். சாப்பாட்டை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறு, என் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இந்த முறை வண்டி முன்னால் இழுத்துச் சங்கிலி விறைத்து நின்றது. நாற்பது நிமிடம் ஆனபோது முள் நகர்கிறதா என்று கடிகாரத்தையே முறைத்துக்கொண்டிருந்தேன். கரோலின் என் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் ஆனதும் நான்தான் கையைத் தூக்கினேன். சைலஸ் இன்ஜினை அணைத்தான். ஒரே கைதட்டல்.

சார் மட்டும் தட்டவில்லை. சைலஸ் அருகில் போய்க் கேட்டார். "இத நம்பி நான் மேல போலாமாப்பா?"

ஆமாம் என்று சொல்லித் தொலையேன்டா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டு மாத உழைப்பு அந்த ஒரு சொல்லில் நின்றது.

"உள்ள பாக்காம சொல்ல மாட்டேன் சார்," என்றான் அவன்.

ஆறியதும் இன்ஜினைக் கழற்றினான். கரோலின் செய்து வைத்த பிரியாணி ஆறிப்போனது, யாரும் சாப்பிடப் போகவில்லை. ரோட்டரின் ஒவ்வொரு முனையிலும் கசிவைத் தடுக்க வைத்திருந்த சீல் துண்டை எடுத்து, விரலால் தடவி, வெளிச்சத்தில் பிடித்து, அளந்து பார்த்தான். கியர் பற்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"போலாம் சார். மொத தபா பறக்கறப்ப உங்ககூட இன்னொரு ஆள ஏத்த விட மாட்டாங்களே, நீங்க தனியா போய்ட்டு வாங்க. ரெண்டாவது தபா பக்கத்து சீட்டுல நான் உக்காறேன்."

"டேய்!" என்று எழுந்தேன் நான். கிரீஸ் படிந்த அந்தக் கையை சார் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.