பூட்டிய போனில் ஓர் அருவி

எண்பதுகளில் குற்றாலத்து லாட்ஜ் ஒன்றில் வேலை பார்த்தேன். முதலாளி போன் டயலைப் பூட்டி வைத்திருப்பார். ரிசீவர் தாங்கும் பொத்தானை எண்ணுக்கு ஏற்றபடி, ஐந்துக்கு ஐந்து தட்டு என்று தட்டினால் டயல் இல்லாமலே லைன் போகும். அதில் எனக்கு ஏகப்பட்ட கர்வம்.

ஒரு சாரல் மதியம் தென்காசி நண்பனுக்குத் தட்டினேன். எண்ணிக்கை எங்கோ தவறி, யாரோ ஒரு பெண் எடுத்தாள்.

"அருவிச் சத்தமா கேக்குது? வச்சிராதீங்க. ரெண்டு வருசமா படுக்கையில கெடக்கேன்."

ரிசீவரை ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன். மேகம் கைவரை இறங்கி வந்திருந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ, முதலாளி வந்து போனைப் பிடுங்கி வைத்தார். அன்றே வேலை போனது.

அதில் வருத்தமில்லை. பூட்டைத் தாண்டத் தெரிந்த எனக்கு, அன்று எந்த எண்ணைத் தட்டினேன் என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை.