ஏரிக்கரை மேசைக்கு முன்பதிவு

பர்மாவில் தாமுவே சந்தையில் மசாலாப் பொடியும் அப்பளமும் விற்கும் மஞ்சுளாவைக் கடையில் மட்டும் கண்டவர்கள் அவளை முழுவதும் கண்டவர்கள் அல்லர். அம்மன் கோயில் திருவிழாவன்று மடைப்பள்ளி வாசலில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் நிற்கும்போது பார்க்க வேண்டும். தாகேதாவிலிருந்து கூட்டமாக லாரியில் வந்து இறங்குகிறவர்கள், இன்சீனிலிருந்து நகரைச் சுற்றும் வட்ட ரயிலேறி வருகிறவர்கள், மேளக்காரர்கள், காவடி சுமந்து களைத்தவர்கள் என வந்தவர் அனைவரையும், எவர் எந்தப் பந்தியில், எவருக்குப் பின் எவர் என்று கண்ணாலேயே வகுத்துவிடுவாள். முதற்பந்தி குழந்தைகளுக்கும் முதியோருக்கும். அடுத்தது தொலைவழி வந்தோருக்கு. அதற்கும் பின்னரே உள்ளூரார். பரிமாறுகிறவர்களுக்கு மட்டும் இலைக் கணக்கு கிடையாது. எல்லாப் பந்தியும் எழுந்த பிறகு அண்டாவில் எஞ்சியதை வழித்துப் போட்டுக்கொண்டு அடுப்படியிலேயே அவர்கள் உண்பார்கள். அம்மடைப்பள்ளியின் மாறாத வழக்கம் அது. அதை மாற்ற வேண்டும் என்று எவரும் நினைத்ததில்லை; மஞ்சுளாவும் நினைத்ததில்லை.

இந்த ஆண்டு திங்யான் நீர்த்திருவிழா விடுமுறையில் அவள் நடத்தத் துணிந்த பந்தியோ, கோயிலில் அல்ல. கடவுச்சீட்டு எடுத்துக்கொண்டு பறந்து போக வேண்டிய பாங்காக்கில்.

அவளுடைய ஒரே தம்பி சிவராஜ் பினாங்கில் வேலை செய்கிறான். போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஊருக்கு வந்தால் மறுபடி நாட்டைவிட்டுப் புறப்பட விடுவார்களா என்ற கேள்விக்கு எவரிடமும் உறுதியான விடை இல்லை. ஆகவே இரு குடும்பமும் நடுவழியில் சந்திப்பது என்று முடிவாயிற்று. சிவராஜின் கடைக்குட்டி தொலைக்காட்சியில் கண்ட ஒரு கேளிக்கைப் பூங்கா பாங்காக்கின் புறநகரில் இருந்தது. அவன் அழுத அழுகையில் இடமும் அதுவே என்றாயிற்று.

மஞ்சுளாவுக்கு ராட்டினத்தில் ஆசை இல்லை, நீர்ச்சறுக்கிலும் இல்லை. இரு வீட்டாரும் ஒருவர் குறையாமல் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து ஒரு வேளை உணவு உண்ண வேண்டும், அதில் தம்பி இருக்க வேண்டும் என்பதொன்றே அவள் வேண்டியது. இப்படியொரு வாய்ப்பு மறுபடி எப்போது கூடும் என்பது அம்மனுக்கே வெளிச்சம். அதனால் அந்த ஒரு வேளையைத் தற்செயலின் கையில் விட அவள் ஒருப்படவில்லை.

அவள் கணவன் சுரேந்திரனுக்கு இதெல்லாம் வேண்டாத மெனக்கெடலாகத் தோன்றியது. "போற எடத்துல சோறு கெடைக்காமலா போவும்? பசிச்சா பாத்துக்கலாம்" என்றான்.

"பசிச்ச பெறகு பாக்குறவங்களத்தான் நான் கோயில்ல நாலாம் பந்திக்கு அனுப்புறேன்" என்றாள் மஞ்சுளா. 

அவள் கவலையில் நியாயம் இருந்தது. திங்யான் நாளில்தான் தாய்லாந்தும் நீர்விழா கொண்டாடுகிறது. அந்த நாட்களில் முன்பதிவு இல்லாதவர்களை அப்பூங்காவின் உணவகங்கள் வாசலோடு திருப்பி அனுப்பிவிடும் என்று மகள் பியூ பியூ படித்துச் சொன்னாள். அவளுக்குக் கோயிலில் வைத்த பெயர் வேறு. அந்தப் பெயரை அர்ச்சனைத் தட்டோடு மறந்துவிட்டு, வீடும் தெருவும் அவளைப் பர்மிய வழக்கில் பியூ பியூ என்றே அழைத்தன. போதாக்குறைக்குச் சுரேந்திரனும் அவன் தம்பி மோகனும் சித்திரைப் பௌர்ணமிக் காவடிக்கு விரதம் பூண்டிருந்தார்கள். மீன்வாடை பட்ட கரண்டியும் அவர்களுக்கு ஆகாது. மோகனின் பர்மிய மனைவியோ, மாட்டிறைச்சி சமைக்கும் அடுப்பருகேகூட அமர மாட்டாள். சிவராஜின் பிள்ளைகள் மூவருக்கும் பொரித்த கோழி இல்லாவிட்டால் அது சாப்பாடே அன்று. இத்தனையும் ஒரே மேசைக்கு வர வேண்டும்.

தாமுவேயில் மின்சாரம் முறை வைத்து வரும், முறை வைத்துப் போகும். விடியற்காலை முறையில் தாயும் மகளும் கைப்பேசியும் கையுமாக அமர்ந்து அந்தப் பூங்காவின் உணவகங்கள் ஒவ்வொன்றையும் அலசினார்கள். அவற்றுள் ஏரிக்கரையில் மரத்தளம் போட்டுக் கட்டிய ஓர் உணவகம் எல்லார் மனத்தையும் கவர்ந்தது. மாலையில் விளக்குப் படகுகள் போகும். கரடி வேடம் இட்ட ஒருவர் மேசை மேசையாக வந்து குழந்தைகளோடு படம் எடுத்துக்கொள்வார்.

மஞ்சுளா படத்தைப் பார்த்து மயங்குகிறவள் அல்லள். அடுக்களையைப் பற்றிக் கேட்பதற்கென்றே அங்கே தொலைபேசியில் அழைத்தாள். தாய்லாந்து மொழியில் பேசி எடுத்த பெண் தடுமாறி, பேசியை இன்னொருத்தியிடம் கொடுத்தாள். அவள் பசீனிலிருந்து வேலைக்குப் போன எய் மோன் என்னும் பர்மியப் பெண். ஊர்க்குரல் கேட்ட மகிழ்ச்சியில் அவள் அன்ட்டி, அன்ட்டி என்று உருகினாள். மஞ்சுளா உருகாமல் விசாரித்தாள்: கசூன் கீரை வதக்குகையில் ஙன்பியாயே என்னும் மீன்சாறு ஊற்றுவார்களா? சைவத்துக்குக் கடாய் வேறா, அதே கடாயைக் கழுவி வைக்கிறார்களா? கழுவுகிறவர் யார்? எய் மோன் ஒவ்வொரு கேள்விக்கும் சமையற்காரரிடம் ஓடிப் போய்க் கேட்டு வந்தாள். இறுதியில், தனிக் கடாய்க்குத் தான் பொறுப்பு என்று வாக்கும் கொடுத்தாள்.

முன்பதிவு திறந்த காலையில் பியூ பியூவின் விரல் தயாராக இருந்தது.

"எத்தன பேரும்மா?"

மஞ்சுளா கண்ணை மூடி, உதடு அசைய, விரல் மடக்கி எண்ணினாள். "ஒம்பது."

ஒன்பது பேருக்கான மேசை கிடைத்தது. அந்தத் தளத்திலேயே பெரிய மேசை அதுதான். அன்று சந்தையில் அவள் நிறுத்துக் கொடுத்த அப்பளம் எல்லாம் சற்றுத் தாராளமாகவே இருந்ததாகச் சொல்வார்கள்.

ஒரு வாரம் கழிந்தது. வியாபாரம் மந்தமாக இருந்த ஒரு மதிய வேளையில், அவளுக்கு அமரும் வரிசையையும் வகுத்துவிடலாம் என்று தோன்றியது. பலகையின் மேல் ஆளுக்கு ஓர் அப்பளமாகச் சுற்றி வைத்தாள். விரதக்காரர் இருவர் ஓர் ஓரம். கோழிக்காரப் பிள்ளைகள் எதிர் ஓரம். மோகனின் மனைவிக்குத் துணையாகப் பியூ பியூ. ஏரியைப் பார்த்தபடி சிவராஜ், அவன் பக்கத்தில் அவன் மனைவி புஷ்பா. வட்டம் அழகாக நிறைந்தது. சாப்பாட்டுத் தூக்கோடு வந்த பியூ பியூ அதை நின்று பார்த்தாள். ஒவ்வோர் அப்பளமும் யார் என்று கேட்டாள். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நீங்க எங்கம்மா?"

மஞ்சுளா அப்பளங்களை எண்ணினாள். மறுபடி விரலில் எண்ணினாள். எப்படி எண்ணினாலும் ஒன்பதுதான் வந்தது. ஆட்களோ பத்துப் பேர். இலையை எண்ணிப் பழகிய கைக்கு, பரிமாறுகிறவளை எண்ணத் தெரியவில்லை.

பியூ பியூ சிரித்த சிரிப்பில் அடுத்த கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். மஞ்சுளா சிரிக்கவில்லை. அப்போதே எய் மோனை அழைத்தாள். அந்தப் பெண் மேலாளரைக் கேட்டு வருத்தத்தோடு திரும்பினாள். தண்ணீரை ஒட்டிய தளம் என்பதால் மேசைக்கு இத்தனை பேர் என்பது கண்டிப்பான கட்டுப்பாடு. கூடுதலாக ஒரு நாற்காலி போட முடியாது. அவர்கள் முன்பதிவு செய்த நாளின் மாலைக்கு வேறு மேசையும் இல்லை.

மாலையில் வீட்டில் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். சிவராஜும் புஷ்பாவும் பினாங்கிலிருந்து கைப்பேசித் திரையில் இருந்தார்கள். சுரேந்திரன், தான் வெளியே நின்று படகு பார்ப்பதாகச் சொன்னான். மோகன், விரதக்காரனுக்கு இரண்டு வாழைப்பழம் போதும் என்றான். புஷ்பா, சின்னவனை மடியில் வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். கைக்குழந்தையையும் தலை எண்ணிக்கையில் சேர்ப்பார்கள் என்று பியூ பியூ மறுத்தாள். எல்லார் பேச்சும் ஓய்வதற்குள் மஞ்சுளாவின் முகம் தெளிந்துவிட்டது. அவளுக்கு விடை கிடைத்துவிட்டது. அது எப்போதும் அவள் கைவசம் இருந்த விடைதான்.

"இதுக்கா இம்புட்டுப் பேச்சு? நீங்க எல்லாரும் ஒக்காந்து சாப்பிடுங்க. நான் பெறகு சாப்பிட்டுக்கிறேன்."

திரையில் சிவராஜ் கைப்பேசியை முகத்தருகே இழுத்தான்.

"அக்கா, நான் கெளம்புன அன்னிக்கும் இதையேதான் சொன்னே" என்றான். "அம்மா செத்த பெறகு நீதான் எனக்குச் சோறு போட்டே. நீ சாப்பிட்டு ஒரு நாளும் நான் பாத்ததில்ல. நீ வெளிய நிக்கறதுன்னா நான் ஏன் அங்க வரணும்?"

 தாய் இறந்தபோது மஞ்சுளாவுக்கு வயது பதினைந்து. இன்சீன் ரயில் பட்டறையில் வேலை பார்த்த தகப்பனுக்கும் தம்பிக்கும் அன்று முதல் அவள்தான் உலை வைத்தாள். தகப்பன் உண்டு எழுவார். தம்பி உண்டு எழுவான். அதன்பின் அவள் சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்பருகே போவாள். தம்பி புறப்பட்ட நாளில் மீன் குழம்பு. முள் எடுத்து எடுத்து அவன் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தாள். வண்டி வந்துவிட்டது. அவள் கையைக் கழுவிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

புஷ்பா திரைக்குள் தலையை நீட்டினாள். "அண்ணி, இங்கயும் இதே ரகளைதான். நான் ஒக்காராம இவரு தட்டத் தொட மாட்டாரு. ஒங்க மேல இருக்கிற கோவத்த எல்லாம் என் மேலதான் தீக்குறாரு."

அனைவரும் சிரித்தார்கள்; மஞ்சுளாவும் சிரித்தாள். ஆனால் மறுநாள் காலையில் மின்விளக்கு எரிந்ததும் மகளை உலுக்கி எழுப்பினாள். ஏரிக்கரை மேசை வேண்டாம், எடுத்துவிடு என்றாள்.

பியூ பியூவின் தூக்கம் போய்விட்டது. "கேன்சல் பண்ணா திரும்பக் கெடைக்காதும்மா. அந்த மேசைக்கு எத்தன பேரு காத்துக்கிட்டு இருக்காங்க தெரியுமா?"

"காத்துக்கிட்டு இருக்கிறவங்க நல்லாச் சாப்பிடட்டும். நீ அமுத்து."

அமுத்தியாயிற்று. அதன்பின் தொடங்கிய அலைச்சல் கொஞ்சமன்று. எந்த உணவகத்தைத் தட்டினாலும் நான்கு பேர், ஆறு பேர் என்பதற்கு மேல் இடம் இல்லை. இரண்டு மேசையாகப் பிரித்துக்கொள்ளலாம் என்றான் மோகன். மஞ்சுளா திரும்பியும் பார்க்கவில்லை. இணையத் தொடர்பு அறுந்தது. சற்று நேரத்தில் மின்சாரமும் போயிற்று. அவள் கடையைச் சாத்திவிட்டு, ஜெனரேட்டர் ஓடும் ஒரு தேநீர்க் கடையில் மகளோடு போய் அமர்ந்தாள். ஒரு கோப்பைத் தேநீருக்கு மேல் அங்கே உட்கார்வது அழகன்று என்று இன்னொன்று வாங்கினாள். பிறகு மற்றொன்றும் வாங்கினாள்.

வழி எய் மோனிடமிருந்தே வந்தது. பூங்காவுக்குள்ளேயே பொம்மை ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஓர் எளிய சோற்றுக்கூடம் உண்டு. அங்கே நீள மேசைகள். ஆனால் பெருங்குடும்பத்துக்குக் காலை முதல் வேளையில்தான் இடம் தருவார்கள் என்றாள். ஏரி கிடையாது, படகு கிடையாது, கரடி அந்நேரம் தூங்கிக்கொண்டிருக்கும். காலையில் கோழி பொரிப்பதில்லை என்று அந்தக் கூடத்துச் சமையற்காரர் மறுத்தார். மஞ்சுளா எய் மோன் வழியாக அவரோடு வழக்காடினாள். தான் திருவிழாவில் விடியுமுன்னே வடை சுட்டவள் என்பதையும், எண்ணெய் காய்வதற்குக் காலை மாலை தெரியாது என்பதையும் சொல்லி அனுப்பினாள். அந்த மனிதர் கடைசியில் இசைந்தார். கீரைக்குத் தனிக் கடாய் என்பதற்கு இசைய அவருக்கு அதைவிட நேரமாயிற்று.

செய்தி கேட்டுக் கடைக்குட்டி பினாங்கில் தரையில் புரண்டு அழுதான். அவனைத் திரைக்கு வரச் சொன்னாள் மஞ்சுளா. கரடியைப் பகலில் பூங்காவுக்குள் தேடிப் பிடித்துத் தருவதாகவும், ஆனால் அது தங்களோடு சாப்பிட வராது என்றும் சொன்னாள். அழுகை நின்றதா என்று பார்க்கக்கூட அவள் காத்திருக்கவில்லை.

"எத்தன பேரு?" என்று இம்முறையும் கேட்டாள் பியூ பியூ.

மஞ்சுளா கட்டைவிரலை மடக்கினாள். "நான் ஒண்ணு" என்று தொடங்கி, பத்தாவது விரல்வரை பெயர் சொல்லியே எண்ணினாள்.

சித்திரை வெயில் ஏறுமுன்பே அவர்கள் அந்தக் கூடத்தில் இருந்தார்கள். முந்தின நாள் விமான நிலையத்தில் அழுது தீர்த்திருந்ததால் அப்போது யாரும் அழவில்லை. நீள மேசையின் நடுவில் மஞ்சுளாவை அமர்த்தி, நேர் எதிரே சிவராஜ் உட்கார்ந்தான். அவன் காதோரம் நரைத்திருந்தது. அதை அவள் திரையில் கவனித்ததில்லை. எய் மோன் தன் வேலை தொடங்குமுன் ஓடி வந்து எட்டிப் பார்த்து, அன்ட்டியின் காலைத் தொட்டு வணங்கிவிட்டுப் போனாள்.

உணவு வந்தது. சோறு குழைந்திருந்தது. கீரையில் மீன்சாறு இல்லை, உப்பும் இல்லை. கோழி நன்றாக இருந்திருக்க வேண்டும். பிள்ளைகள் பேசவே இல்லை. மேசைக் கோடியில் மோகன் தண்ணீருக்காகத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். சுரேந்திரனின் தட்டில் கீரை தீர்ந்துவிட்டது. ஓர் அதட்டல் போட்டால் அந்த அடுக்களையில் எல்லாம் சரியாகிவிடும். மஞ்சுளாவின் பாதம் இரண்டும் தரையில் ஊன்றின; உடம்பு நாற்காலியைவிட்டுச் சற்றே மேலெழுந்தது. அவள் அதை மறுபடியும் அமர்த்தினாள். மோகன் தானே எழுந்து போய்த் தண்ணீர் கொண்டு வந்தான். சுரேந்திரனுக்குக் கீரையைப் புஷ்பா நகர்த்தினாள். மஞ்சுளா குழைந்த சோற்றைப் பிசைந்து ஒரு வாய் உண்டாள். இன்னொரு வாய் உண்டாள். நிமிர்ந்தபோது தம்பி தன் தட்டைத் தொடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா பாக்குற? ஆறிப் போவுது. சாப்பிடு" என்றாள் மஞ்சுளா. சொல்லிவிட்டு, அவன் தொடங்குவதற்குக் காத்திராமல் அடுத்த வாய் எடுத்தாள்.