சுவர்ப் பக்கம் திரும்பிய கோப்பை

பன்னாவை யாரும் நல்ல காரியத்துக்குக் கூப்பிட்டதில்லை. வீட்டில் ஒருவர் படுத்துவிட்டார், இனி எழுந்திருக்க மாட்டார் என்று தெரிந்த பிறகுதான் மொசெல்லா ஆற்றங்கரையில் அவளைத் தேடி ஆள் வரும். அவளும் போன கையோடு அழுகிறவர்களை வெளியே அனுப்பிவிட்டு, வெந்நீர் எங்கே என்று கேட்பாள்.

பீப்பாய் செய்கிற ஒருவனின் விதவை அவள். இளம் வயதில் ரைன் எல்லையில் படைவீரர்களின் வைத்தியக் கொட்டகைக்குத் துணி துவைக்கப் போனாள். துவைப்பதோடு நிற்காமல், புண் கழுவவும், அசைய முடியாதவனைத் தனியாளாகப் புரட்டிப் படுக்க வைக்கவும் கற்றுக்கொண்டு திரும்பினாள். ஆள் குட்டை. தோள் மட்டும் படகு இழுக்கிறவனின் தோள். அவள் பார்த்துக்கொண்ட நோயாளிக்கு முதுகில் புண் வந்தது என்று ஊரில் ஒருவரும் சொன்னதில்லை.

மத்தோவுக்குப் பக்கவாதம் வந்தபோதும் அவளைத்தான் அழைத்தார்கள். ஒயின் பீப்பாய் ஏற்றிய படகுகளுக்குச் சுக்கான் பிடித்தே தலை நரைத்தவர் மத்தோ. அவர் இந்தக் கரையில் கத்தினால் அந்தக் கரையில் கழுதை திரும்பிப் பார்க்கும் என்பார்கள். இப்போது வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. வாயிலிருந்து வருவது 'ப்பா' என்ற ஒரே சத்தம். தண்ணீருக்கும் அதுதான், வலிக்கும் அதுதான், கோபத்துக்கும் அதுதான்.

பன்னா உள்ளே நுழைந்தபோது மருமகள் ஊர்சா அவர் தலையை மல்லாத்திப் பிடித்து வாயில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் இருமி, பாதியை அவள் மேலேயே துப்பினார்.

"பாருக்கா, எல்லாத்தையும் துப்புறாரு. நேத்துலேருந்து பல்லைக் கடிச்சுக்கிட்டு வாயத் திறக்கவே மாட்டேங்குறாரு. புத்தி கலங்கிப் போச்சு. இப்படியே விட்டா தண்ணியில்லாமயே போயிடுவாரு."

"இப்படி ஊத்தினா தண்ணியாலயே போயிடுவாரு. தள்ளு."

பன்னா அவரைத் தலையணை அண்டக்கொடுத்து நிமிர்த்தி உட்கார வைத்தாள். முகவாயைத் தாழ்த்திப் பிடித்து, உணர்ச்சியில்லாத கன்னத்துக்குள் விரலை விட்டு நேற்றைய ரொட்டித் துணுக்கை எடுத்துப் போட்டாள். தண்ணீரில் பார்லிக் கஞ்சியைக் கலந்து கெட்டியாக்கி ஒரு கரண்டி நீட்டினாள். மத்தோ வாயை இறுக மூடிக்கொண்டு அவளைப் பார்த்தார். கலங்கிய பார்வை இல்லை. தன் சுக்கானில் வேறொருவன் கை வைத்தால் பார்க்கிற பார்வை.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

அலமாரியில் கறுப்பாகப் பளபளக்கும் மண்கோப்பை ஒன்று இருந்தது. வயிற்றைச் சுற்றி வெள்ளையில் எழுத்து. பன்னாவுக்குப் படிக்கத் தெரியாது. மத்தோவின் மகன் செக்கோவைக் கேட்டாள்.

"இதுல என்னடா எழுதியிருக்கு?"

"'தாகமா இருக்கு'ன்னு எழுதியிருக்குக்கா. அப்பாவோடதுதான். சாராயக் கடையில வாயைத் திறக்காமலே நீட்டலாம்னு வாங்கினாரு."

"ஆக, இதுக்கு முன்னாடியே பழக்கம்தான்."

அவர் இடது கைக்கு எட்டுகிறபடி ஒரு முக்காலியைப் போட்டு, அதன்மேல் கோப்பையை வைத்தாள்.

"அண்ணே, எழுத்து என்னைப் பார்த்தா தர்றேன். சுவரைப் பார்த்தா தர மாட்டேன். வேற யாரும் தர மாட்டாங்க. ஊர்சாவும்தான்."

மத்தோ கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கை நண்டு போல ஊர்ந்து போய் அதைப் பிடித்தது. எழுத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியது.

"சரி," என்றாள் பன்னா. ஒரு கட்டு வெங்காயத்தாளை எடுத்து ஆய உட்கார்ந்தாள்.

ஊர்சா கொதித்துப் போனாள். "என்னக்கா இது? வேண்டாம்னா அப்படியே விட்டுடுறதா? நாளைக்கு ஊரே எம் மூஞ்சில காறித் துப்பும்!"

"இப்பத்தான் முதல் தடவையா ஒண்ணு சொல்லியிருக்காரு. அதையே கேக்கலன்னா அடுத்ததை எப்படிச் சொல்லுவாரு?"

சொல்லிவிட்டாளே தவிர, அவருடைய உதடு வெடித்திருந்ததையும் நாக்கு காய்ந்திருந்ததையும் அவள் பார்த்திருந்தாள். தன் கணக்கு தப்பினால் மத்தோ அதிக நாள் தாங்க மாட்டார் என்பதும் தெரியும். கை தாளை ஆய்ந்தது, காது கட்டிலிலேயே இருந்தது. அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டதைவிட மூன்று மடங்கு ஆய்ந்து குவித்துவிட்டாள்.

வெயில் சாய்ந்த நேரத்தில் மரத்தில் மண் உரசும் சத்தம் கேட்டது. எழுத்து அவளைப் பார்த்திருந்தது.

பன்னா பதறி எழவில்லை. கையைத் துடைத்தாள். ஒரு கரண்டி கொடுத்து, தொண்டை ஏறி இறங்கும்வரை காத்திருந்து, அடுத்ததைக் கொடுத்தாள். அரைக் கோப்பை உள்ளே போயிற்று. ஊர்சா வாசலில் நின்று விம்ம ஆரம்பித்தாள்.

"அழறதுன்னா வெளிய போய் அழு. அவரு சிரிச்சுட்டா புரையேறும்."

மத்தோ அந்த வருடத் திராட்சை அறுவடையைப் பார்த்தார். அடுத்ததையும் பார்த்தார். கோப்பைதான் அவருக்கு வாய். வந்து உட்கார்ந்து பேசியே அறுக்கிற பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதையே சுவர்ப் பக்கம் திருப்பிக் காட்டுவார். அவரும் புரிந்துகொண்டு எழுந்து போய்விடுவார். ஒரு கோடை நாளில், வியர்த்து விறுவிறுத்துப் படுக்கை மாற்றிக்கொண்டிருந்த பன்னாவிடம் கோப்பையைத் தள்ளினார். கொடுக்கப் போனால் வாயைத் திறக்கவில்லை. மறுபடியும் அவள் பக்கமே தள்ளினார். "எனக்கு வேலை கிடக்கு" என்று முறைத்துவிட்டு, நின்றபடியே குடித்தாள்.

குளிர்காலத்தில் ஒருநாள் கோப்பை சுவர்ப் பக்கம் திரும்பியது, அப்புறம் திரும்பவே இல்லை. பன்னா உதட்டை மட்டும் ஈரத்துணியால் நனைத்துக்கொண்டிருந்தாள். இந்த முறை ஊர்சா சண்டைக்கு வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து துணியைப் பிழிந்து கொடுத்தாள்.

ஊர் வழக்கப்படி, போகிறவருக்குத் துணையாகச் சவப்பெட்டியில் ஜாடியும் விளக்கும் வைத்தார்கள். ஒரு தட்டில் கோழிக்கறி வைத்தார்கள். செக்கோ புதிதாக ஒரு கண்ணாடிக் கோப்பை கொண்டுவந்தான். பன்னா கறுப்புக் கோப்பையை எடுத்து நீட்டினாள். கூடியிருந்தவர்கள் முகம் சுளித்தார்கள்.

"தாகம்னு எழுதினதையா கூட அனுப்புவாங்க?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "மனுஷன் குழிக்குள்ள தாகத்தோடயே கிடப்பான். அப்புறம் ராத்திரி நம்ம கதவைத்தான் தட்டுவான்."

சாவு வீட்டில் பன்னா இதுவரை எதுவும் கேட்டதில்லை. "இது அவரு வாய்," என்றாள். "வாயை அலமாரியில வச்சுட்டு ஆளை மட்டும் புதைப்பீங்களா?"

ஊர்சாதான் முன்னால் வந்தாள். கோப்பையை வாங்கி மாமனாரின் இடது கைக்குப் பக்கத்தில் வைத்து, எழுத்தைப் பெட்டியின் பலகைப் பக்கம் திருப்பினாள்.

"போதும்னுதானே மாமா கடைசியா சொன்னாரு. இனி எதுக்கு வந்து கதவைத் தட்டப் போறாரு?"

பன்னா குனிந்து, தலையணையைச் சரிபார்ப்பதுபோல் கோப்பை ஆடாமல் நிற்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ம். மூடுங்க."