மாத்திரைக்கும் நான் வைத்த பத்தியம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தேன். இடுப்பில், சேலை கட்டும் இடத்தில் படர்தாமரை வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தோல் டாக்டர் ஒரு மாதத்துக்கு மாத்திரை எழுதினார்.

“ஏட்டி, எண்ணெய், தேங்காய், பால் எதையும் தொட்டுறாத. அரிப்பைக் கிளப்பிரும்” என்றார் மாமியார். மாதம் முழுக்க உப்புக் கஞ்சியோடு மாத்திரை போட்டேன். படை கொஞ்சமும் குறையவில்லை.

மறுபடி போனேன். “இதைவிட வீரியமானதுதான் தரணும். ஆனா அது ஈரலைப் பாதிக்கலாம்” என்று பேனாவை எடுத்த டாக்டர், சட்டென்று நிமிர்ந்தார்.

“மாத்திரைய எதோட சாப்பிடுதிய?”

“உப்புக் கஞ்சிதான் சார். கடும் பத்தியம்.”

பேனாவை மூடிவிட்டார். “கொழுப்போட சேர்ந்தாத்தாம்மா இந்த மாத்திரை உடம்புல நல்லா ஏறும். அதைச் சொல்லாம விட்டது என் தப்பு.”

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. பட்டினி கிடந்தது நான் மட்டுமல்ல, மாத்திரையும்தான்! அதே மாத்திரையை நெய்ச் சோற்றுக்குப் பிறகு போட்டேன். சில வாரங்களில் படை மறைந்தது.

இப்போதெல்லாம் எந்த மருந்தானாலும், எதோடு சாப்பிட வேண்டும் என்று கேட்காமல் நான் டாக்டர் முன்னாலிருந்து எழுந்திருப்பதில்லை. கூட வரும் மாமியார்தான் எனக்கு முன்னால் கேட்டுவிடுகிறார்: “சார், இதுக்கு நெய் உண்டா?”