வெறும் வயிறு

எங்கள் தோட்டத்தில் தேத்தண்ணியைச் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகுமுன் இரண்டு கோப்பை குடித்தவர்கூட வெறும் வயிற்றோடு போகிறேன் என்றுதான் சொல்வார். முப்பத்தோரு வருடம் அங்கே கிளாக்கராக இருந்த நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன்.

இரண்டாயிரமாம் ஆண்டின் தொடக்கத்தில் என் பேத்திக்கு ஆறு வயது. அந்த வருடம் மாசிக்கும் ஆடிக்கும் இடையில் பதினான்கு தடவை வலிப்பு வந்தது. மூளையைப் படம் எடுக்க வேண்டும், அசையாமல் கிடக்க மயக்க மருந்து கொடுப்போம், இரவு பன்னிரண்டுக்குப் பிறகு சாப்பாடு கொடுக்கக்கூடாது என்று பதுளை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். முதல்நாள் மாலை ஏழேகாலுக்கு அவள் முக்கால் ரொட்டி தின்றாள். அதை ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டேன்.

காலையில் நானும் என் மகளும் லுணுகலையில் பஸ்ஸுக்கு நின்றபோது பேத்தி குளிரில் அழுதாள். கடையில் பால் தேத்தண்ணி வாங்கி, நானே ஊதி ஊதிக் கொடுத்தேன். அரைக் கிளாஸ். அது தாளில் ஏறவில்லை.

"பிள்ளைக்குச் சாப்பிட ஏதும் குடுத்தனீங்களோ?" என்று கேட்டார் டொக்டர். யாழ்ப்பாணத்துக்காரர், இளவயது.

"இல்லீங்க. வெறும் வயிறு," என்றேன். தாளையும் காட்டினேன்.

"ஐயா கணக்கில கெட்டிக்காரர்தான்," என்று சிரித்தார்.

மருந்து கொடுத்துப் படம் எடுத்தார்கள். கட்டிலுக்குக் கொண்டுவந்த பிறகு, தூக்கத்திலேயே வாந்தி எடுத்தாள். பழுப்பாக, பால் திரிந்து வந்தது. உதடு நீலமானது. தாதி அவளைப் பக்கவாட்டில் திருப்பி, வாய்க்குள் குழாய் விட்டு உறிஞ்சினாள்.

"என்ன குடுத்தனீங்கள்?" என்று கேட்டார் டொக்டர்.

என் மகள் என்னைப் பார்த்தாள்.

"தேத்தண்ணிங்க," என்றேன். "நான்தான் குடுத்தேன்."

"பாலும் போட்டோ?"

"ஆமாங்க. சாப்பாடு ஒண்ணும் குடுக்கலீங்க."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு மணி நேரத்தில் விழிப்பாள் என்றிருந்தார்கள். நான் மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு, பிறகு நாற்பத்தாறு. மூன்றாம் மணி நேரத்தில் டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மூளையின் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிடச் சிறுத்திருந்தது. நடுவில் நீர் நிற்கும் குழி அகன்றிருந்தது. பிறவியிலேயே அப்படியாம்.

"இப்பிடி மூளை உள்ள பிள்ளையள் சிலர் மயக்கத்தில இருந்து எழும்பச் சுணங்கும். பால் நெஞ்சுக்குள்ள போனதாலயும் இருக்கலாம். எதெண்டு இப்ப சொல்லேலாது."

"உங்களாலதான்னு அவர் சொல்லலியேப்பா," என்றாள் மகள்.

ஆறு மணி நாற்பது நிமிடம் கழித்துப் பேத்தி கண் திறந்தாள். அம்மாவைப் பார்த்தாள், கூப்பிடவில்லை. அன்றிரவே காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டிப் பதினொரு நாள் கிடந்தாள். ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன் இருபத்தாறு சொல் பேசுவாள். நான் எண்ணி வைத்திருந்தேன். வீட்டுக்குப் போனபோது ஒன்பது இருந்தது. குறைந்தவை அந்த மூளையால் போனவையா, அரைக் கிளாஸால் போனவையா என்று இன்றுவரை எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த ஐந்தாம் நாள், தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி இதே படம் எடுக்கக் குழந்தையோடு வந்திருந்தாள். டொக்டர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

"தேத்தண்ணி குடிச்சதோ?"

"அது மட்டுந்தாங்க," என்றாள் அவள். "மத்தபடி வெறும் வயிறு."

அவர் அவளைத் திருப்பி அனுப்பினார். போகும்போது அவள் முணுமுணுத்துக்கொண்டே போனாள்.